மாடி அறையில் முதுகுப் பயிற்சி

நான் கல்யாணமாகிச் சிவகாசிக்கு வந்தது ஐம்பதுகளின் கடைசியில். மாமனார், மாமியார், கணவரின் அண்ணன்மார், அவர்கள் மனைவி மக்கள் என்று வீடு நிறைய ஆட்கள். பகலில் அவரோடு இரண்டு வார்த்தை பேசினால் யாராவது தொண்டையைச் செருமுவார்கள். விடிந்ததும் எங்கள் குடும்பத்து அச்சாபீசுக்குப் போய்விடுவார். பட்டாசுக் கட்டுகளுக்கு லேபில் அடிக்கும் ஆபீஸ். இரவு வந்து சாப்பிட்டதும் தூங்கிவிடுவார். ஒரு வருஷமாகியும் அவருக்கு என்ன குழம்பு பிடிக்கும் என்பதுகூட எனக்குத் தெரியாது.

தீபாவளி ஆர்டர்கள் நெருக்கிய சமயத்தில், லோடு இறக்க ஆள் போதாமல் அவரே காகிதக் கட்டைக் குனிந்து தூக்கினார். நிமிர முடியவில்லை. இரண்டு பேர் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள்.

வலி அடங்கும்வரை படுக்கையிலேயே கிடந்தார். பிறகு பார்க்க வந்த மதுரை டாக்டர், “எலும்புக்கு ஒண்ணுமில்லே. அடிமுதுகுத் தசைக்குத்தான் பலமில்லே. தினமும் பயிற்சி செய்யணும். கணுக்காலை ஒருத்தர் அழுத்திப் பிடிச்சுக்கணும்” என்றார்.

ஆண்களெல்லாம் ஆபீசில் இருந்தார்கள். மாமியார் என்னைப் பார்த்தார். “நீயே பிடிச்சுக்கத்தா” என்றார்.

அப்படித்தான் காலை வேளையில் மாடி அறை எங்களுக்குக் கிடைத்தது. அவர் பாயில் குப்புறப் படுத்து, கையை ஊன்றாமல், தலையையும் நெஞ்சையும் தரையிலிருந்து தூக்க வேண்டும். நான் கணுக்கால்களைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

“ஏ புள்ள, எழும்புச்சா?”

“தாடை மட்டும் எழும்புச்சுங்க.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சிரிக்க வைக்காதே, இடுப்பைப் பிடிக்குது” என்று சொல்லிக்கொண்டே சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஒவ்வொரு முறை தூக்கி இறக்கியபின்னும் மூச்சு வாங்க ஓய்வு வேண்டும். அந்த ஓய்வில் பேசினோம். சின்ன வயசில் வெடிச் சத்தம் கேட்டால் அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாராம். “சிவகாசிக்காரன் இதை வெளியிலே சொல்ல முடியுமா?” என்றார். தாயில்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் அப்பாவின் கம்பங்காட்டில் நான் குருவி விரட்டிய கதையைச் சொன்னேன். பயிற்சியைவிடப் பேச்சு நீண்டுகொண்டே போனது. “இம்புட்டு நேரமா?” என்று மாமியார் கீழேயிருந்து குரல் கொடுப்பார்.

நாளாக ஆக நெஞ்சு நன்றாக எழும்பியது. அடுத்து மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மேலே தூக்கினார். அதற்குப் பிடித்துக்கொள்ள ஆள் தேவையில்லை. இருந்தாலும் நான் போனேன். கடைசியாக, முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி மணல் மூட்டையைத் தூக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அதையும் ஒருநாள் அலுங்காமல் தூக்கிவிட்டார். நான் கை தட்டினேன். தட்டும்போதே, இனி எங்களுக்கு மாடி அறை இல்லை என்று உறைத்தது.

மறுவாரமே ஆபீசுக்குப் போனார். அடுத்த சீசனுக்கு ஆர்டர் பிடிக்கக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். மாதக்கணக்கில் அங்கேயே இருந்தார். நான் துணி காயப்போட மாடிக்குப் போவேன். அந்த அறைக் கதவைத் திறந்து, கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டு வருவேன்.

திரும்பி வந்தபோது ஆள் சற்றுப் பருத்திருந்தார். மறுநாள் விடிகாலையில் கேட்டேன்:

“ஏங்க, அந்தப் பயிற்சியை மறுபடியும் செய்வோமா?”

“எனக்குத்தான் சரியாப்போச்சே. இன்னும் எதுக்கு?”

“இல்ல, வலி திரும்ப வந்திரக் கூடாதுல்ல…”

“வராது, பயப்படாதே” என்று என் தோளில் தட்டினார். கீழே அவருடைய அண்ணன் கூப்பிட்டார். இறங்கிப் போய்விட்டார்.

எதற்காகக் கேட்டேன் என்று அவரிடம் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதன்பிறகு நெடுங்காலம் ஒன்றாக வாழ்ந்தோம். பிள்ளைகள் பிறந்தார்கள், தனியாக வீடு கட்டினோம். அவருக்கு முதுகு வலி வரவேயில்லை. நல்லதுதான். ஆனாலும், அவர் பக்கத்தில் படுத்து உறங்கிய நாட்களிலேயே நான் அவருக்காக ஏங்கியிருக்கிறேன்.