அமுங்காத ரத்தக்குழாய்

தேயிலை விலை விழுந்த இரண்டாம் ஆண்டு, ஆடியின் கடைசி வாரம். பந்தலூரில் மழை விட்டபாடில்லை. ஃபேக்டரி வாரத்தில் பாதி நாள்தான் ஓடியது. கொழுந்து பறிக்கும்போது வழுக்கிக் கணுக்கால் பிசகிய என் மனைவி, ஆனி மாதம் முதலே படுத்திருந்தாள். வேலைதான் இல்லையே, நன்றாக ஓய்வெடுக்கட்டும் என்றிருந்தோம்.

அந்த வாரம் அவளுடைய இடது கெண்டைக்கால் வீங்கியது. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லயத்தில் மழைக்காலத்தில் கால் வீங்கினால் அட்டைக்கடிதான். படுத்திருப்பவளை அட்டை எப்படிக் கடிக்கும் என்று கேட்டேன்.

“கக்கூசுக்குப் போற வழியெல்லாம் அட்டைதானே, தம்பி” என்றாள் அவளுடைய அக்கா. எண்ணெயைச் சூடாக்கி, இரண்டு நாள் அழுத்தித் தேய்த்தாள். வீக்கம் முழங்காலுக்கு ஏறியது.

டவுனில் ஒரு டாக்டரம்மா சிறிய கிளினிக் வைத்திருந்தார். கர்ப்பிணிகளைப் பார்க்க அவரிடம் ஸ்கேன் மெஷின் இருந்தது; மனைவியை அங்கே கொண்டுபோனோம்.

“இதுல காலையும் பார்க்கலாமுங்களா?” என்று கேட்டேன்.

“பார்க்கலாமுங்க. ரத்தக்குழாயை மேலேயிருந்து அழுத்தினா தட்டையாகணும். ஆகலைன்னா, படுத்தே கிடந்ததுல உள்ளே ரத்தம் உறைஞ்சிருக்கு. அது பிச்சுக்கிட்டு நுரையீரலுக்குப் போனா உயிருக்கே ஆபத்து.”

தொடையிடுக்கில் கருவியை வைத்து அழுத்தினார். திரையில் கறுப்பு வட்டம் ஒன்று கோடாகச் சப்பையானது.

“நான்தான் சொன்னேனே, அட்டைக்கடின்னு” என்றாள் அக்கா.

டாக்டர் கருவியைக் கீழே நகர்த்தினார். முழங்காலின் பின்புறம் வைத்து அழுத்தினார். வட்டம் அப்படியே நின்றது. இன்னும் பலமாக அழுத்தினார். பக்கத்தில் துடித்துக்கொண்டிருந்த குழாய்கூட நெளிந்தது, இது அசையவில்லை.

“யாராவது தேய்ச்சீங்களா?”

அக்கா கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“இனி யாரும் கால்ல கை வைக்கக் கூடாதுங்க.” ரத்தம் மேலும் உறையாமலிருக்க வயிற்றில் ஓர் ஊசி போட்டு, உடனே கோயம்புத்தூருக்குக் கிளம்பச் சொன்னார்.

வாடகை ஜீப் குழியில் இறங்கும்போதெல்லாம் மனைவியின் மார்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“மூச்சு வாங்குதா?”

“நீங்க கேக்குறப்பதான் வாங்குது.” சற்று நேரம் கழித்து, “கால் குடையுதுக்கா, லேசா பிடிச்சு விடேன்” என்றாள்.

அக்காவின் கை தானாக நீண்டது. பாதியில் நிறுத்தி, இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். மலையிறங்கி மேட்டுப்பாளையம் வரை அப்படியேதான் வந்தாள்.

மருந்து பல மாதம் ஓடியது. தை பிறந்த பிறகு, அதே கிளினிக்கில் டாக்டரம்மா மறுபடியும் முழங்காலின் பின்புறம் அழுத்திப் பார்த்தார். வட்டம் மெல்லச் சப்பையாகிக் கோடானது. கதவோரம் நின்றிருந்த அக்கா திரைக்குப் பக்கத்தில் வந்தாள்.

“இன்னொரு தடவை அழுத்துங்கம்மா” என்றாள்.