பயத்தோடு பிழையை வாசித்த நஸ்லியா

அலுவலகக் கதவைத் திறந்துகொண்டிருந்தபோது உக்குவளையிலிருந்து நஸ்லியாவின் நானா, அவருடைய அண்ணன், அழைத்தார். "மாலா, நஸ்லியா மவுத்தாயிட்டா. அசர் தொழுகைக்குப் பொறகு அடக்கம்." காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர், திரும்பவில்லை. அழுகைக்கு முன்னால் எனக்கு வந்தது பயம். இனி ஏதாவது உடைந்தால் யாரைக் கூப்பிடுவது?

மாத்தளை நகரில், இணையத்தளங்கள் செய்யும் சிறிய அலுவலகத்தில் நாங்கள் இருவரும் பக்கத்து மேசைக்காரிகள். அவரை நினைவுகூர வந்திருக்கும் உங்களில் பலர் அவரைத் துணிச்சல்காரி என்று சொல்கிறீர்கள். இல்லை. எங்களில் அதிகம் பயந்தவர் அவர்தான்.

இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில், மழை கூடினால் லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இருக்கும் குடும்பங்களுக்கு எச்சரிக்கைச் செய்தி அனுப்பும் தளம் ஒன்றை நாங்கள் நடத்தினோம். ஒரு நாள் பின்னேரம் மழை கொட்டியது. செய்தி போகவில்லை. குடும்பங்களின் விபரம் இருக்கும் தரவுத்தளத்தோடு இணைப்பு அறுந்திருந்தது. அதன் அமைப்பைப் படித்துக் கணினி தானாக எழுதும் 'டைப்' கோப்பை மறுபடி உருவாக்கிப் பார்த்தோம், வெறுமையாக வந்தது. திரை முழுக்கச் சிவப்புப் பிழைகள். குடும்பங்களின் விபரமெல்லாம் அழிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

அந்தத் தோட்டத்து லயத்தில் இருக்கும் செல்வம் எனக்கு அழைத்தார். "அக்கா, மேட்டுல மண்ணு வெடிச்சிருக்கு. ஏன் மெசேஜ் வரல?"

நஸ்லியா என்னிடமிருந்து போனை வாங்கினார். "எங்கள நம்பி நிக்காதீங்க. கோயில் ஸ்பீக்கர்ல சொல்லி, எல்லாரையும் ஸ்கூலுக்கு அனுப்புங்க. இப்பவே."

எங்கள் முதலாளி ரஞ்சன் பதறினார். "எல்லாத்தையும் ரீசெட் பண்ணி புதுசா போடுவோம்."

"வேணாம் சேர்! உள்ள இருக்கிறதும் போயிரும். எனக்கு ரொம்பப் பயமா இருக்கு, அதனாலதான் சொல்றேன். கை வைக்காதீங்க."

பிழைகளின் குவியலை மேலே தள்ளி, முதல் வரிக்குப் போனார். தரவுத்தளம் இருக்கும் கணினியான சேவர் கிடைக்கவில்லை என்றிருந்தது. அந்தச் சேவரின் பெயரோ விசித்திரமாக இருந்தது. அதன் முன்பாதி, அன்று காலையில் நாங்கள் மாற்றிய கடவுச்சொல்லின் வால். புதிய கடவுச்சொல்லில் இருந்த '@' குறி, கடவுச்சொல்லையும் சேர்த்து எழுதும் இணைப்பு முகவரியை நடுவில் வெட்டிவிட்டிருந்தது. தரவு அழியவில்லை, நாங்கள்தான் இல்லாத வாசலைத் தட்டிக்கொண்டிருந்தோம். அந்தக் குறியை முகவரிக்கு ஏற்றபடி மாற்றி எழுதினார். இணைப்பு வந்தது. டைப் கோப்பு நிரம்பியது. எச்சரிக்கைச் செய்திகள் குடும்பங்களுக்குப் போயின.

அன்று ஒரு லயத்தின் பின்சுவர் மண்ணோடு சரிந்தது. உள்ளே யாரும் இல்லை. செல்வம் அதைச் சொன்னதும் நஸ்லியா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதார்.

கடைசியாக ஆஸ்பத்திரி வாட்டில் பார்த்தபோது, "பயமா இருக்கு மாலா. போகாம பேசிக்கிட்டு இருங்க" என்றார். பார்வையாளர் நேரம் முடிந்ததென்று நர்ஸ் வந்து சொல்லும்வரை, வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன்.

பயத்தை வெட்கமில்லாமல் வாய்விட்டுச் சொல்வது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான். மலைப்பக்கம் மழை இருட்டினால் இப்போது நானும் "பயமா இருக்கு" என்று சொல்கிறேன். பக்கத்து நாற்காலியிலிருந்து "எனக்கும்தான்" என்று சொல்ல யாரும் இல்லை.