பனிச்சரிவில் கேட்ட கவிதாவின் குரல்

நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். பேய், பிசாசு, சகுனம் எதையும் நம்பாதவன் நான். செங்கல்பட்டில் ஒரு பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். என் மனைவி கவிதா நேரெதிர். வெளியே கிளம்புகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடவே மாட்டாள். நான் குடையை மறந்துவிட்டுப் போனால்கூட, ஓடிவந்து முன்னால் நின்றுதான் நீட்டுவாள்.

அவள் தம்பி தினேஷுக்கு மலையேற்றப் பைத்தியம். போன ஜனவரியில் என்னையும் இமயமலைப் பனிக்கு இழுத்துக்கொண்டு போனான். கூடுவாஞ்சேரி வீட்டிலிருந்து புறப்படும்போது கவிதா சொன்னது ஒன்றுதான்: "அவன் ஒரு அவசரக் குடுக்க. பத்திரமா இட்டுகினு வந்துடுங்க."

மூன்றாம் நாள். ராத்திரியெல்லாம் புதுப்பனி கொட்டியிருந்தது, நடுப்பகல் வெயில் வேறு. சுற்றிப் போனால் இரண்டு மணிநேரம் ஆகும் ஒரு சரிவு. ஒருவர் கடந்து முடித்த பிறகுதான் அடுத்தவர் கால் வைக்க வேண்டும், பாரம் கூடினால் மேல்பனி பலகை மாதிரி பெயர்ந்து வந்துவிடும் என்று வழிகாட்டி கண்டிப்பாகச் சொல்லிவிட்டு முதலில் கடந்தார். அடுத்துப் போன தினேஷ் நடுவில் நின்றுவிட்டான், காலணி வார் அவிழ்ந்துவிட்டதாம். தனியாக நிற்கிறானே என்று எனக்குப் பொறுக்கவில்லை. துணைக்கு ஆள் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்கிற நம்மூர்ப் புத்தி. சொன்னதையெல்லாம் மறந்து நாலடி வைத்துவிட்டேன்.

"இன்னாங்க!"

பின்னாலிருந்து கவிதாவின் குரல். நம்பினால் நம்புங்கள், காதுக்குப் பக்கத்தில். இவளாவது பின்னால் கூப்பிடுவதாவது என்ற அதிர்ச்சியிலேயே திரும்பி, வந்த தடத்தில் ஓடிவந்துவிட்டேன். தொம்மென்று ஒரு சத்தம். நடுச்சரிவு மொத்தமும் பெயர்ந்து கீழே போனது. பனிப்புகை அடங்கும்வரை "மச்சான், மச்சான்" என்று கத்திக்கொண்டே இருந்தேன். எதிர்ப்பக்கம் வழிகாட்டியின் காலடியில் தினேஷ் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் அழுதுவிட்டேன்.

இருவரும் சுற்றிவந்து என்னிடம் சேர்ந்ததும் தினேஷ் சொன்னான்: "மாமா, அக்கா எதிர்ல நின்னுகினு 'வாடா'ன்னு கத்துச்சு. அதான் ஓடுனேன்." வழிகாட்டிக்கு எந்தக் குரலும் கேட்கவில்லையாம்.

சாயங்காலம் சிக்னல் கிடைத்ததும் அவளிடம் பேசினோம், நடந்ததைச் சொல்லவில்லை. போனில் அவள் குரலே எழும்பவில்லை, வெறும் காற்றாகத்தான் பேசினாள். "மத்தியானம் கண்ணசந்தேன், எழுந்து பாத்தா தொண்ட கட்டிக்கினு கீது. தம்பி சாப்ட்டானா?"

மருத்துவர்கள் தொண்டையில் ஒன்றுமே இல்லை என்கிறார்கள். ஆனால் குரல் இன்னும் திரும்பவில்லை. என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் இப்போதெல்லாம் கையைத் தட்டுகிறாள்.