எண்ணெய் டின்னில் இருந்த விரல்

மூன்று வருடங்களுக்கு முன், பொங்கல் சமயம். அவனியாபுரத்தில் எங்கள் வீட்டுப் பூஜை அறையில், விளக்குக்கு ஊற்றும் எண்ணெய் டின்னுக்குப் பின்னால், ஒரு எவர்சில்வர் டப்பாவில் என் சங்கிலியை வைத்திருந்தேன். ஜல்லிக்கட்டு முடிந்த மறுநாள் பார்த்தால் டப்பா காலி.

என் சந்தேகம் நேராகப் போனது, பத்து வருடமாகப் பாத்திரம் தேய்க்க வரும் அக்காவின் மேல். ஜல்லிக்கட்டு பார்க்க வந்து தங்கியிருந்த என் தம்பியும், "வெளியாளு அது ஒண்ணுதானக்கா" என்றான். பங்காளி வீட்டுத் துக்கத்தால் அவனுக்குத் தீட்டு. பூஜை அறை வாசலைக்கூட மிதிக்கவில்லை என்றான். அவனைப் பற்றி எனக்கு நினைப்பே வரவில்லை.

போலீஸுக்குச் சொன்னேன். அப்புறம் நான் செய்த கூத்து இருக்கிறதே! நாலு பேர் வரும் இடமாயிற்றே என்று, அவர்கள் வருவதற்குள் டப்பா, அலமாரி எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்து வைத்துவிட்டேன். கைரேகை நிபுணர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இம்புட்டு சுத்தமா தொடச்சு வச்சா நான் எதைம்மா எடுக்கிறது?"

பிசுக்குப் பிடித்த எண்ணெய் டின்னை மட்டும் நான் தொடவில்லை. பிசுக்கில் பவுடர் போட்டால் மொத்தமாக அப்பிக்கொள்ளுமாம். அதனால் ஆய்வகத்துக்கு எடுத்துப் போய், எண்ணெயில் ஏறும் கறுப்புச் சாயக் கரைசலில் நனைத்துக் கழுவினார்களாம். இரண்டு விரல்களின் ரேகை தெளிவாக வந்துவிட்டது.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அன்றே எங்கள் எல்லோருடைய ரேகையையும் மையில் எடுத்திருந்தார்கள். அக்காவின் விரலை அழுத்தினால் வெறும் கறுப்புத் திட்டுதான் விழுந்தது. மூன்று முறை எடுத்தும் அப்படியே. "ரேஷன் கடை மெஷின்லயும் என் வெரலு விழாது சார். பாத்திரம் தேய்ச்சுத் தேய்ச்சு அழிஞ்சுபோச்சு" என்றார். அதில் பாதி என் வீட்டுப் பாத்திரம்.

டின்னில் இருந்தது என் தம்பியின் ரேகை. விசாரித்ததும் ஒப்புக்கொண்டான். சங்கிலியும் திரும்பக் கிடைத்தது.

அக்காவின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவமானத்தில் அழுகை வந்துவிட்டது. அவர் தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார். "கோவமெல்லாம் இல்ல டீச்சர். ஆனா திரும்ப வாரேன்னு சொல்ல மனசு வரல" என்றார்.

இப்போது பாத்திரங்களை நானேதான் தேய்க்கிறேன். மாதாமாதம் ரேஷன் கடை மெஷினில் என் விரல் முதல் தடவையிலேயே பதியும்போது, அந்த அக்காவின் முன்னால் நிற்பதுபோல் கூசிப்போகிறது.