என் வலியை வேவு பார்த்தவர்

ஐம்பதுகளின் நடுவில், இலங்கை மலைநாட்டில், மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. எனக்குக் கல்யாணமாகி அதிக காலம் ஆகவில்லை. ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில் எனக்கு வேலை. ஒரு மழை நாளில் கொழுந்து மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு மேல்மாடிக்கு ஏறும்போது, படி வழுக்கி மூட்டையோடு கீழே வந்து விழுந்தேன். முதுகில் நல்ல அடி. ஆனால் கை, கால் எதுவும் முறியவில்லை. அதுதான் எனக்கு வினையாகப் போனது.

கால் முறிந்திருந்தால் கட்டுப் போட்டிருப்பார்கள், பார்க்கிறவர்களும் ஐயோ பாவம் என்றிருப்பார்கள். முதுகு வலியை யார் பார்க்க முடியும்? தோட்டத்து டாக்டரய்யா அமுக்கிப் பார்த்துவிட்டு, "வெளியில ஒண்ணும் தெரியல்லியே" என்றார். லயம் என்று சொல்லும் வரிசை வீடுகளில் எங்களோடு இருந்த ஆட்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, அவர்களுக்குள் சிரித்துக்கொண்டு போனார்கள். நிறைமாசமாக இருந்த என் மனைவியே ஒருநாள், "கொஞ்சம் எழும்பி நடந்துதான் பாருங்களேன்" என்றாள். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அன்று முழுக்க நான் அவளோடு பேசவில்லை.

வேலையில் அடிபட்டுப் படுத்தால், சுகமாகும்வரை பாதிச் சம்பளம் கொடுக்கவேண்டும் என்று சட்டம் இருந்தது. அது கொழும்பில் இருந்தது. அதைத் தோட்டத்துக்குக் கொண்டுவரத் தொழிற்சங்கத் தலைவர் ஆபீசுக்கு நடையாய் நடந்தார். தோட்டத்தை நடத்துகிற துரை ஒருவழியாக ஒத்துக்கொண்டார். கூடவே, நான் நடிக்கிறேன் என்று தெரிந்தால் அன்றைக்கே சம்பளத்தை நிறுத்தி, பேரையும் வெட்டிவிடுவதாகச் சொல்லியனுப்பினார். பேரை வெட்டினால் வேலை மட்டுமா போகும்? லயத்தில் நாங்கள் இருந்த, காம்பிரா என்கிற ஒற்றை அறையும் போய்விடும். பிள்ளை பிறக்கிற நேரத்தில் அவளைக் கூட்டிக்கொண்டு எந்த ரோட்டில் நிற்பது?

அந்த வாரம்தான் பங்களா குசினிக்காரர் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார்.

துரை பங்களாவில் சமைக்கிற மனிதர் அவர். எங்கள் லயத்தின் கடைசிக் காம்பிராவில் இருந்தார். அதுவரை என்னைத் திரும்பிப் பார்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அப்பேர்ப்பட்டவர், மத்தியான ஓய்வில் தினமும் ஒரு துண்டு பாண் ரொட்டியைக் கடதாசியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து, "எப்புடி தம்பி இருக்கு?" என்று என் பக்கத்தில் உட்கார்ந்தால், எனக்குச் சந்தேகம் வருமா வராதா? பங்களாவில் வேலை செய்கிறவர்கள் லயத்துக் கதையை மேலே கொண்டுபோவார்கள் என்பது தோட்டத்தில் எல்லோரும் அறிந்த விஷயம்.

நானும் சும்மா இருக்கவில்லை. அவருடைய செருப்புச் சத்தம் கேட்டதும் முனக ஆரம்பிப்பேன். புரள்வேன், பல்லைக் கடிப்பேன். வலி உண்மைதான். ஆனால் அவருக்காக அதைக் கொஞ்சம் தாராளமாகவே காட்டினேன். மனைவி சிரிப்பை அடக்க முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போய்விடுவாள். அவர் மட்டும் கண்ணைச் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் காலையில் மனைவிக்குத் தலை சுற்றி, நிற்க முடியவில்லை. வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை. லயத்து ஆட்கள் எல்லோரும் கொழுந்து பறிக்க மலைக்குப் போய்விட்டார்கள். வேறு வழியில்லாமல் குடத்தை எடுத்துக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து, தண்ணீர் பிடிக்கிற பீலிக்குப் போனேன். எப்படியோ கொண்டுவந்தும் சேர்த்தேன். வாசலில் ஏறும்போது திரும்பிப் பார்த்தால், பங்களாவுக்குப் போகிற குறுக்குப் பாதையில் குசினிக்காரர் நின்றுகொண்டிருந்தார். அப்படியே திரும்பி மேலே போய்விட்டார். அன்று மத்தியானம் அவர் வரவில்லை. நம் கதை முடிந்தது என்று மனைவியிடம் சொன்னேன். அவள் அழுதாள்.

மறுநாள் ஆபீசுக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. ஒரு தடியை ஊன்றிக்கொண்டு மெல்லப் போனால், துரை உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் டாக்டரய்யா, கதவோரம் குசினிக்காரர். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"இவன் எழும்பி நடந்ததா?" என்று துரை தன் வெள்ளைக்காரத் தமிழில் அவரிடம் கேட்டார்.

"ஆமாங்க தொர. நேத்து பீலிக்குப் போயி ஒரு கொடம் தண்ணி தூக்கினான்."

அவ்வளவுதான், பேரை வெட்டியாகிவிட்டது என்று நினைத்தேன். ஆனால் அவர் நிறுத்தவில்லை.

"அந்த ஒரு கொடத்தக் கொண்டுபோய்ச் சேக்க, வழியெல்லாம் உக்காந்து உக்காந்து போனான் தொர. தண்ணி ஓடுற கான் ஓரத்துல கொடத்த வச்சிட்டு, துண்ட வாயில திணிச்சிக்கிட்டு அழுதான். யாரும் பாக்கல்லன்னு நெனச்சித்தான் அழுதான். இவனுக்கு உள்ளுக்குள்ள என்னமோ ஆயிருக்குதுங்க. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிப் பாருங்க."

துரை டாக்டரய்யாவைப் பார்த்தார். டாக்டரய்யா மேசையைப் பார்த்தார். அந்த வாரமே என்னை டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். முதுகெலும்பில் கீறல் விழுந்திருப்பது படம் எடுத்தபோது தெரிந்தது. நான் சுகமாகி ஸ்டோருக்குத் திரும்பும்வரை பாதிச் சம்பளம் நிற்காமல் வந்தது. மகளும் அந்தக் காம்பிராவில்தான் பிறந்தாள்.

ஆபீசிலிருந்து இறங்கி வரும்போதே அவரிடம் நேராகக் கேட்டுவிட்டேன், "தொரதான ஒங்கள அனுப்புனாரு?"

"ஆமா, அவருதான் பாத்துட்டு வரச் சொன்னாரு" என்றார், கூச்சமே இல்லாமல். "நான் வர்றப்ப நீ மொனகுன மொனகல்ல, பய நடிக்கிறான்னுதான் நானும் முடிவு கட்டியிருந்தேன். நேத்து ஒன்ன பாக்காம இருந்திருந்தா, இன்னைக்கு அப்புடியேதான் சொல்லியிருப்பேன்."

குடம் என்னைக் கவிழ்த்துவிடும் என்று நான் பயந்திருந்தேன். கவிழ்க்க இருந்தது என் முனகல்.

அதற்குப் பிறகும் அவர் பாணோடு வந்துகொண்டுதான் இருந்தார். பங்களாவில் போய் என்ன சொன்னாரோ, நான் கேட்கவில்லை. அவரை முழுசாக நம்பினேன் என்றும் சொல்லமாட்டேன். ஆனாலும், பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாமல் நான் அழுத அழுகையை, என்னை மாட்டிவிடுவதற்கென்றே அனுப்பப்பட்ட ஒரு மனிதர் நின்று கடைசிவரை பார்த்தார், பார்த்ததை அப்படியே போய்ச் சொன்னார் என்பதை இத்தனை வருஷத்துக்குப் பிறகும் என்னால் மறக்க முடியவில்லை.