எருமைப் பாறை

எங்கள் ஊர் மலையை மலை என்று சொல்வதே அதிகம். ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும் பெரிய பாறைகள், அவ்வளவுதான். அதன் வயிற்றில் ஒரு குகை. எந்தக் காலத்திலோ யாரோ செதுக்கிய ஐந்து கல் படுக்கைகள் உள்ளே இருக்கின்றன. பாண்டவர் படுத்தது என்பார்கள். வாசலில் நின்றால் கீழே ஆறு முழுக்கத் தெரியும், அக்கரை ரோடு வரைக்கும். நான் மூன்றாவது வரைதான் படித்தேன். அந்த இடத்தை அழகாகச் சொல்ல எனக்கு வராது. என் பொண்டாட்டி அங்கே ஒரு பகல் முழுக்கக் கிடந்தாள். அதை மட்டும் சொல்லத் தெரியும்.

போன ஐப்பசியில் அவளுக்கு வலி எடுத்தது. தலைப்பிரசவம். மருத்துவச்சி வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "புள்ள குறுக்கால கீது. என்னால ஆவாது, ஆஸ்பத்திரிக்குத் தூக்கு" என்றாள். ஆஸ்பத்திரி அக்கரையில் இருந்தது. தரைப்பாலம் முதல் நாளே முழுகிவிட்டது. பாலம் முழுகினால் மலையடித் துறையில்தான் இறங்கிக் கடக்க வேண்டும். துறைக்கு நடுவில் எருமை படுத்த மாதிரி ஒரு பாறை உண்டு. அதன் முதுகு தண்ணீருக்கு மேலே தெரிந்தால் ஆறு இடுப்பளவு, இறங்கலாம். தெரியாவிட்டால் இறங்கக் கூடாது. அப்படி முதுகு தெரியாதபோதே இறங்கி ஆற்றோடு போனவர் என் மாமனார்.

அவளைக் கயிற்றுக் கட்டிலில் போட்டு, அவள் அண்ணன், நான், இன்னும் இரண்டு பேர் தூக்கிக்கொண்டு மலைக்குப் போனோம். மருத்துவச்சியும் கூட வந்தாள். எருமை தெரியும்வரை குகையில் காத்திருப்பதுதான் ஊர் வழக்கம். மச்சான் வாசலில் குந்திக்கொண்டு ஆற்றைப் பார்த்தான்.

"கயிறு முதுக அறுக்குது. அந்தக் கல்லுல போடு என்னிய" என்றாள் அவள்.

"சாமிங்க படுத்த எடம்டீ" என்றாள் மருத்துவச்சி.

"அஞ்சு புருசன் கட்னவ படுத்த எடம்தான? ஒத்தப் புருசன வச்சிகினு நான் படுத்தா ஆவாதா?"

வலியிலும் அவள் வாய் ஓயவில்லை. எல்லோரும் சிரித்துவிட்டோம். கல்லில் படுக்க வைத்தேன்.

மழை விட்டது. "தெரிதா மச்சான்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். "இல்ல மாப்ள" என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான்.

"இன்னாயா, உன் எருமை இன்னும் எய்ந்திரிக்கலயா? போயி வாலப் புடிச்சி முறுக்கு" என்றாள். அதுதான் அவள் கடைசியாகச் செய்த கேலி. அப்புறம் புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டாள்.

உச்சி வெயிலில் என்னால் தாங்க முடியவில்லை. "நான் எறங்கிப் பாக்கறேன்" என்று எழுந்தேன். மச்சான் என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"எங்கப்பன் இப்டிதான் சொல்லிகினு எறங்கினாரு. அவளுக்கு அப்பன்தான் இல்ல, புருசனையும் இல்லாம பண்றியா? குந்து!"

குந்தினேன். அவள் நகம் என் மணிக்கட்டில் பதிந்திருந்தது. போகப் போக அந்த அழுத்தம் குறைந்தது.

பொழுது சாய்கிற நேரத்தில், மச்சான் வாசலை விட்டுத் தங்கச்சி தலைமாட்டில் வந்து குந்தியிருந்தபோது, கருவாட்டுக் கூடையோடு ஒரு பெண்பிள்ளை மேலே ஏறி வந்தாள். அக்கரைக்காரி. இடுப்புக்குக் கீழே புடவை நனைந்திருந்தது.

"இன்னாடா இது, ஆம்பளைங்கல்லாம் குகையில குந்திகினு கீறீங்க? சீட்டாட்டமா?"

மச்சான் எழுந்தே விட்டான். "நீ எப்டிம்மா வந்த?"

"பறந்தா வருவாங்க? நடந்துதான். மதியத்துலேர்ந்தே இடுப்பளவுதான கீது."

"எருமை தெரியலயே!"

"எந்த எருமை? அத்ததான் ஆடியிலயே ரோட்டு ஜல்லிக்கு ஒடச்சி எடுத்துகினு பூட்டானுங்களே! ஒங்க ஊருக்குத் தெரியாதா?"

கல் ஏற்றிய வண்டிகள் எங்கள் தெரு வழியாகத்தான் வல்லம் பக்கம் போயின. எல்லோரும் பார்த்தோம். எந்தக் கல் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. காய்ந்த நாளில் பாலத்தில்தான் போய் வருவோம். துறைப் பக்கம் யாருக்கும் வேலை இல்லை.

அவளைக் கட்டிலில் போட்டு, தலைக்கு மேல் தூக்கி ஓடினோம். தண்ணீர் இடுப்பளவுதான் இருந்தது. எளிதாகக் கடந்துவிட்டோம். அதுதான் இன்னும் என்னைக் கொல்கிறது. அக்கரை மணலில் ஏறியதும் மருத்துவச்சி, "எறக்கு" என்றாள். மூக்கில் கை வைத்தாள், வயிற்றில் காது வைத்தாள். "ரெண்டும் பூட்ச்சிபா" என்றாள். எதிரே ஆஸ்பத்திரி ரோடு தெரிந்தது. அதில் ஒரு பஸ் போனது.

திரும்பி வரும்போது தண்ணீர் இன்னும் இறங்கி, தொடை அளவாகிவிட்டது. அப்போதுதான் எருமை தெரிந்தது. முதுகு இல்லை. தட்டையான அடிக்கல், ஓரத்தில் வரிசையாக உளிக் குழி, ஒவ்வொன்றிலும் தண்ணீர். மச்சான் கட்டில் காலைத் தோளில் வைத்துக்கொண்டே அதைக் காலால் உதைத்தான், திரும்பத் திரும்ப உதைத்தான்.

"மச்சான், கட்டில் ஆடுது" என்றேன். அவளுக்கு வலிக்கும் என்று நினைத்தேன் போல.

இப்போது மழை வந்தால் நான் குகைக்குப் போவதில்லை. நேரே துறையில் இறங்கி அந்த அடிக்கல் பக்கத்தில் நிற்கிறேன். மச்சான் குகை வாசலில் நின்று கத்துகிறான்: "ஏறி வா மாப்ள! தண்ணி ஏறுது, ஏறி வந்துருடா!"

எவ்வளவு என்று அங்கிருந்து அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். இடுப்பளவுதான்.