ராஜாங்கம் போட்ட சட்டம்

முத்தியால்பேட்டையில் மகளுக்குத் தானே வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்கிற பஞ்சாலைக்காரர் தாம் ஒருவர்தான் என்று ராஜாங்கம் மேஸ்திரிக்குப் பெருமை. பிரெஞ்சுக்காரர் காலத்துப் பள்ளியில் செர்த்திபிகா என்கிற பரீட்சை தேறியவர் அவர். ஷிப்டு முடிந்து வந்ததும் தலையில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல் மகள் கொளஞ்சியின் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். வகுத்தல் கணக்கைத் தாம் படித்த மாதிரியே சொல்லிக்கொடுத்தார்: வகுக்கும் எண் வலப்பக்கம், ஈவு அதற்குக் கீழே. கொளஞ்சியும் அப்படியே போட்டாள்.

1983இல் அவள் பத்தாவதுக்குப் போனாள். கூடவே அல்ஜீப்ராவும் வந்தது. "நாளைக்குப் பாக்கலாம்மா" என்று தினமும் நழுவினார் ராஜாங்கம். அரையாண்டுப் பரீட்சையில் கொளஞ்சி கணக்கில் கோட்டைவிட்டாள்.

அந்தச் சமயத்தில் ஊரில் ஒரு வாசகர் மன்றம் புதிதாக ஓர் ஏற்பாடு செய்தது. பத்தாவது பிள்ளைகள் சாயங்காலம் மன்றத்துக்குப் போன் போட்டால், கமலா என்கிற கல்லூரி ஆசிரியை கணக்குச் சந்தேகம் தீர்ப்பார். தெருமுனையில் குடைக்கடை வைத்திருந்த சிராஜுதீன் பாயிடம் போன் இருந்தது. கொளஞ்சி போயே தீருவேன் என்று நின்றாள்.

ராஜாங்கத்துக்கு வயிறு எரிந்தது. தடுக்கக் காரணம் இல்லை. அதனால் சட்டம் போட்டார்.

"பேரு சொல்லாத. தெரு சொல்லாத. நேர்ல வான்னு கூப்ட்டா போவாத. நான் பக்கத்துல இல்லாம போனத் தொடாத. அங்க சொன்னத எங்கிட்ட ஒருவாட்டி ஒப்பிக்கணும்."

"எதுக்குப்பா இவ்ளோ?"

"முகம் தெரியாத ஆளு. ஜாக்கிரதையா இருக்கணும்."

கடைசிச் சட்டத்துக்காகத்தான் மற்றதெல்லாம் என்பது அவருக்கு மட்டும் தெரியும்.

கமலா டீச்சர் குரல் ரிசீவரைத் தாண்டி வெளியே கேட்கும். கொளஞ்சி வகுத்தல் போட்ட விதத்தைச் சொன்னாள். "இப்பிடிப் போட்டாலும் விடை வரும்மா. ஆனா பரீட்சையில எல்லாரும் போடற மாதிரி போடு. யாரு சொல்லிக் குடுத்தது?"

கொளஞ்சி அப்பாவைப் பார்த்தாள். "வீட்ல, மிஸ்."

வீட்டில்! அப்பா என்று சொல்லியிருக்கலாம் அல்லவா? ராஜாங்கம் தொங்கிக்கொண்டிருந்த குடை ஒன்றை விரித்து விரித்து மடக்கினார்.

"மேஸ்திரி, கம்பி ஒடஞ்சிடும். கோவத்த வேற எங்கயாவது காட்டு" என்றார் பாய்.

அதற்குப் பிறகு வீட்டில் எந்நேரமும் மிஸ் புராணம்தான். மிஸ் அடுத்த வரியைச் சொல்லமாட்டாராம், கேள்வி கேட்டுக் கேட்டு இவளையே கண்டுபிடிக்க வைப்பாராம். சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டே ராஜாங்கம் கேட்பார்: "சம்பளம் வாங்கறவங்க, சொல்லிக் குடுக்க வேண்டியதுதான?" மார்க் ஏறியது. அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை போனை எடுத்தது ஓர் ஆண் குரல். "கமலா இன்னிக்கு வரல. நானும் கணக்கு வாத்தியார்தான், கேளும்மா." பேச்சுவாக்கில் கொளஞ்சி பழைய வகுத்தல் முறையைச் சொல்லிவிட்டாள். "அட, பிரெஞ்சுக் கணக்கு! அப்பா சொல்லிக் குடுத்தாரா? பக்கத்துல இருந்தா போன அவராண்ட குடு."

ராஜாங்கம் வேட்டியைச் சரிசெய்துகொண்டு வாங்கினார். பிரெஞ்சில் மாலை வணக்கம் வந்தது.

"போன்சுவார், முசியே! இந்தக் காலத்துல இப்பிடிக் கணக்குப் போட யாருக்கு வருது? பொண்ணுக்கு மூளை உங்களுதுதான்."

இத்தனை மாதமாக யாரும் சொல்லாத வார்த்தை. மகள் பெயரைச் சொன்னார். தெருவையும் சொன்னார். அந்தக் குரல் என்ன சொன்னாலும் தலையாட்டினார்.

வீடு திரும்பும்போது நடையே வேறாக இருந்தது. "அவுருதான் வாத்தியாரு! ஞாயித்துக்கிழமை சாயந்தரம் லாஸ்பேட்டைக்கு வரச் சொன்னாரு. ஏர்போர்ட்டு ரோட்டு முனையில நிப்பாராம். நீ மட்டும் வந்தா போதுமாம், நான் நின்னா ஒனக்குப் படிப்பு ஓடாதாம்."

கொளஞ்சி நின்றுவிட்டாள். "பேரு சொல்லிட்ட. தெரு சொல்லிட்ட. நேர்லயும் போவச் சொல்ற. நீ போட்ட சட்டம்தானப்பா?"

"அது... அந்த டீச்சருக்குப் போட்டது."

"மிஸ் ஒருநாளும் என் பேரக்கூடக் கேட்டதில்ல."

ராஜாங்கம் வந்த வழியே திரும்பினார். கடைக்குப் போய், பாயிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை கொளஞ்சி வீட்டில் இருந்தாள். லாஸ்பேட்டைக்குப் போனது ராஜாங்கமும் பாயும். ஸ்கூட்டரில் சாய்ந்து ஒருவன் நின்றிருந்தான். ராஜாங்கம் கிட்டே போய், "போன்சுவார், முசியே" என்றார். அவன் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிப் பறந்துவிட்டான்.

திங்கட்கிழமை கமலா டீச்சரிடம் அவரே பேசினார். நடந்ததைச் சொன்னார். "மன்றத்துல அப்பிடி ஒரு வாத்தியாரே இல்லீங்க. அறை தொறந்து கெடந்திருக்கு, எவனோ எடுத்துப் பேசியிருக்கான். இனி பூட்டிட்டுத்தான் போவோம். உங்க பொண்ணு எப்பிடி உஷாரா இருந்தா?"

"சட்டம் போட்டு வச்சிருந்தேன்" என்றார். ஒவ்வொன்றாகச் சொன்னார். டீச்சர் எழுதிக்கொண்டார். அன்றைக்குத்தான் அவருக்குச் சோறு ருசித்தது.

அடுத்த வாரத்திலிருந்து போன் போடும் ஒவ்வொரு பிள்ளையிடமும் கமலா டீச்சர் அந்தச் சட்டத்தைச் சொன்ன பிறகே கணக்குக்குப் போனார். ஊர் முழுக்கப் பரவியது. கொளஞ்சி கணக்கில் தேறிய பிறகு, ஒருநாள் ராஜாங்கம் குடைக்கடைக்குப் போனார். யாரோ ஒரு பத்தாவது படிக்கிற பெண் ரிசீவரை எடுக்கக் கை நீட்ட, பாய் அதட்டிக்கொண்டிருந்தார்:

"பேரு, தெரு எதுவும் சொல்லக் கூடாது. அம்மா வரட்டும், அப்புறம் பேசு. கமலா டீச்சர் சட்டம் தெரியாது?"

"யோவ் பாய்!" என்று கத்தினார் ராஜாங்கம். "அது எஞ்சட்டம்யா!"